நோட்டீசில் இல்லாத பிள்ளைகள்

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையின் பெறுபேறு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வெளியாகும். அந்த வார முடிவுக்குள் கிழக்கு லண்டனின் ஹை ஸ்ட்ரீட் நோர்த் நெடுகிலும் கடைக் கண்ணாடிகளில் புது நோட்டீஸ் ஏறிவிடும். எட்டுப் பாடத்திலும் அதியுயர் கிரேட்டான ஒன்பது எடுத்த பிள்ளையின் சிரித்த முகம், பக்கத்தில் தடித்த எழுத்தில் புள்ளிகள், கீழே ரியூசன் நிலையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும். 'செப்டம்பர் வகுப்புகளுக்கு இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை' என்று ஓர் எச்சரிக்கை. மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இரண்டு தாய்மார் பேசினால், மூன்றாவது வசனத்தில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். 'உங்கட பிள்ளை எங்க போறார்?' எந்தப் பாடசாலை என்பதல்ல கேள்வி. எந்த ரியூசன் என்பதுதான்.

ரியூசனுக்கு விட்டால் புள்ளி கூடும், விடாவிட்டால் பிள்ளை பின்தங்கும். எங்கள் சமூகத்தில் இதைப்போல ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து வேறு இல்லை. அரசியலில் மூன்றாகப் பிரிந்து நிற்பவர்களும் இதில் ஒன்று. நான் மறுக்க வருவது இந்தக் கருத்தை அல்ல, இதற்கு நாங்கள் காட்டும் ஆதாரத்தை. ரியூசன் வீண் என்று சொல்பவரும் சான்று காட்டத்தான் வேண்டும். இருக்கும் சான்று அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நோட்டீசிலிருந்தும், சொந்தப் பிள்ளையின் ரிப்போர்ட்டிலிருந்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்தும் நாங்கள் எடுக்கும் மூன்று முடிவுகளும் பிழை. அந்த மூன்று பிழைகளின் மேல்தான் சனிக்கிழமைகளையும் சம்பளத்தையும் கட்டி வைத்திருக்கிறோம்.

முதலில் நோட்டீஸ். அதில் ஆறு முகங்கள் இருக்கின்றன. அந்த நிலையத்தில் அந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள்? இருபதா, நூற்றிருபதா? இருபதில் ஆறு என்றால் ஒரு கதை, நூற்றிருபதில் ஆறு என்றால் முற்றிலும் வேறு கதை. ஜனவரியில் இடைநிறுத்திப் போனவர்கள் கணக்கில் வந்தார்களா? சேர்க்கும்போதே ஒரு சோதனை வைத்து, கெட்டிக்காரரை மட்டும் எடுத்தார்களா? நோட்டீசில் உள்ள பிள்ளை கணிதத்துக்கு மட்டும் வந்ததா, எட்டுப் பாடத்துக்கும் வந்ததா? எட்டு ஒன்பதையும் எழுதிவிட்டு, ஒரு பாடம்தான் நாங்கள் படிப்பித்தோம் என்பதை எழுதாமல் விடுவது பொய்யில் சேராது, உண்மையிலும் சேராது.

இது லண்டனில் பிறந்த பழக்கம் அல்ல. யாழ்ப்பாணத்து ரியூட்டரி மதில்களில் '3ஏ', 'மாவட்ட முதல்நிலை' என்று ஒட்டியிருந்த நோட்டீஸ்கள் கடல் கடந்து வந்து இங்கே கடைக் கண்ணாடிக்கு மாறியிருக்கின்றன. பௌதிகத்துக்கு ஒரு மாஸ்டர், இரசாயனத்துக்கு இன்னொருவர், கணிதத்துக்கு வேறொருவர் என்று போன ஒரே பிள்ளையை மூவரும் தங்கள் பிள்ளை என்று உரிமை கோருவது அங்கே சாதாரணம். இந்தியாவில் இந்த வியாபாரம் முற்றிப்போய், 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட வேண்டி வந்தது. குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படங்களைப் போட்ட நிலையங்கள் பலவற்றில், அந்த வெற்றியாளர்கள் கடைசிக் கட்ட நேர்முகப் பயிற்சிக்கு மட்டுமே வந்திருந்தார்கள் என்பதை ஆணையம் கண்டுபிடித்து அபராதம் விதித்தது. முதல் இரண்டு கட்டங்களையும் அவர்கள் அந்த நிலையங்களின் உதவியில்லாமலே தாண்டியிருந்தார்கள்.

நோட்டீசை நம்பாதே என்று சொல்லும் நான் பாடசாலைக்கும் அதே நியாயத்தைத்தான் வைக்கிறேன். எங்கள் பக்கத்திலேயே, ஈஸ்ட்ஹாமில், பிராம்ப்டன் மனோர் அகாடமி இருக்கிறது. 2021இல் அதன் மாணவர் 55 பேருக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் அழைப்பு வந்தது, ஈட்டனுக்கு 48. நாடே பேசியது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் அதன் உயர்தர வகுப்பு, நல்ல ஜி.சி.எஸ்.இ. பெறுபேறு உள்ளவர்களைப் பல இடங்களிலிருந்தும் பொறுக்கி எடுக்கும் வகுப்பு. அந்த 55இல் படிப்பித்தலின் பங்கு எவ்வளவு, பொறுக்கியதன் பங்கு எவ்வளவு என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

இரண்டாவது ஆதாரம் இதைவிடப் பலமானது. 'நோட்டீசை விடுங்கோ, என்ர பிள்ளை ரியூசனுக்குப் போக முந்தி நாலு, போன பிறகு ஆறு. கண்ணால கண்டனான்.' இதை மறுப்பது கடினம், ஏனென்றால் கண்டது உண்மை. கண்டதற்குச் சொல்லும் காரணம்தான் சந்தேகத்துக்குரியது.

பெற்றார் எப்போது ரியூசன் தேடுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மோசமான ரிப்போர்ட் வந்த அடுத்த கிழமை. பதினோராம் வகுப்பு மொக் பரீட்சை குளிர்காலத்தில் நடக்கும். அப்போது பாடத்திட்டம் முழுதாக முடிந்திருக்காது; பிள்ளையும் முழுமூச்சாகப் படித்திருக்காது. அதற்கு மேல், எந்தப் பரீட்சைப் புள்ளியிலும் அன்றைய நாளின் அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருக்கும்: தெரியாத கேள்வி வந்தது, முதல்நாள் இரவு தூக்கம் இல்லை, கடைசிப் பக்கத்தைத் திருப்ப மறந்தது. வழமையைவிடக் கீழே விழுந்த புள்ளி, அடுத்த முறை ஒன்றும் செய்யாமலே வழமைக்குத் திரும்பப் பார்க்கும். பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே இதை எழுதிவைத்தார். புள்ளியியல் படித்த எவருக்கும் இது முதல் ஆண்டுப் பாடம். ஏழு நாள் காய்ச்சலில் ஆறாம் நாள் நூல் கட்டியவருக்குத்தான் பேர் வரும்.

டிசம்பரில் 48, ஜனவரியில் ரியூசன், கோடையில் 60. இந்தப் பன்னிரண்டு புள்ளியில் எவ்வளவு பாடசாலை ஆசிரியரின் மீட்டல் வகுப்பு? எவ்வளவு பரீட்சைப் பயம்? எவ்வளவு வழமைக்குத் திரும்பியது? எவ்வளவு ரியூசன்? ரிப்போர்ட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது பிரித்துச் சொல்லாது. அதே டிசம்பரில் அதே 48 எடுத்து, ரியூசனுக்குப் போகாத இன்னொரு பிள்ளை கோடையில் எவ்வளவு எடுத்தது என்று தெரிந்தால்தான் கதை தொடங்கும். அது 59 எடுத்திருந்தால் நீங்கள் வாங்கியது ஒரு புள்ளி. வாரம் ஒரு பாடத்துக்கு 20 பவுண், இரண்டு பாடம், 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம்: 1600 பவுண். 1600 பவுணுக்குப் பன்னிரண்டு புள்ளியா, ஒரு புள்ளியா என்பது சின்னக் கேள்வி அல்ல.

அப்படியானால் போன பிள்ளையையும் போகாத பிள்ளையையும் ஒப்பிட்டால் போதுமே என்று மூன்றாவது ஆதாரம் வருகிறது. 'பாருங்கோ, பக்கத்து வீட்டுப் பெடியன் ரியூசனுக்குப் போகேல்ல, அஞ்சுதான் எடுத்தவன்.' இங்கேயும் ஓட்டை இருக்கிறது. மாதாமாதம் ரியூசன் காசு கட்டும் வீடும் கட்டாத வீடும் ரியூசனில் மட்டுமா வேறுபடுகின்றன? கட்டும் வீட்டில் பிள்ளைக்கு ஒரு மேசை இருக்கலாம், போனைப் பத்து மணிக்குப் பறித்து வைக்க ஒரு தாய் இருக்கலாம், வகுப்பாசிரியரிடம் போய்க் கேட்க ஆங்கிலம் இருக்கலாம். கட்டாத வீட்டில் தகப்பன் இரவு வேலை, ஒரே அறையில் நான்கு பேர். இத்தனை வித்தியாசத்தையும் தூக்கி ரியூசன் மாஸ்டரின் கணக்கில் வைப்பது அநியாயம்.

கல்வி ஆய்வு அமைப்பான சட்டன் டிரஸ்ட் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் எப்போதாவது தனியார் ரியூசன் பெற்றவர்கள் இங்கிலாந்து முழுவதிலும் 30 வீதம். லண்டனில் 46 வீதம். லண்டன் பெறுபேறும் நாட்டிலேயே முன்னணி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். ஆனால் லண்டன் ஏன் முந்தியது என்ற கேள்விக்கே ஆய்வாளர்களிடம் ஒருமித்த பதில் இல்லை. 2003இல் தொடங்கிய 'லண்டன் சலன்ஜ்' என்ற பாடசாலை மேம்பாட்டுத் திட்டம்தான் காரணம் என்றார்கள் சிலர். அதற்கு முன்பே ஆரம்பப் பாடசாலைகளில் முன்னேற்றம் தொடங்கிவிட்டது என்றார்கள் வேறு சிலர். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் லண்டனில் அதிகம் என்பதே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்று 2014இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சைமன் பேர்ஜெஸ் வாதிட்டார். ஒரு முழு நகரத்தின் தரவை வைத்துக்கொண்டு நிபுணர்கள் தயங்கும் இடத்தில், இரண்டு வீட்டுப் பிள்ளைகளை வைத்து நாங்கள் தீர்ப்புச் சொல்கிறோம்.

பாடசாலைகளை அளப்பதில் இந்த நாடு ஒரு பாடம் கற்றிருக்கிறது. முன்பு ஐந்து பாடத்தில் நல்ல சித்தி எடுத்தவர் எத்தனை வீதம் என்பதே பிரதான அளவுகோல். அது நல்ல பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலையைப் புகழ்ந்து, கஷ்டப்பட்ட பிள்ளைகளை ஏற்ற பாடசாலையைத் திட்டியது. 2016இல் 'புரோகிரஸ் எயிட்' வந்தது: பதினொரு வயதில் அதே நிலையில் நின்ற நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, எட்டுப் பாடங்களில் இந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் வந்தது என்று பார்ப்பது. அதிலும் குறை உண்டு. ஆனாலும் எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியாமல் வந்த தூரத்தைச் சொல்ல முடியாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. கொரோனாவால் 2020இல் ஆறாம் வகுப்புப் பரீட்சைகள் நடக்காததால், அந்தப் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. எழுதிய 2025இல் அரசு புரோகிரஸ் எயிட்டைக் கணக்கிடாமலே விட்டது. புறப்பட்ட இடம் பதிவில் இல்லை, ஆகவே அளவு இல்லை. அரசுக்கு இருக்கும் இந்தக் கூச்சம் கடைக் கண்ணாடிக்கு இல்லை.

சரி, அளக்கவே முடியாதா? முடியும், அளந்தும் இருக்கிறார்கள். வழி எளிது: விரும்பும் எல்லோரையும் பட்டியலிட்டு, குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு ரியூசன் கொடுத்து, மறுபாதியை வழமைபோல் விட்டு, முடிவில் இருபாதியையும் ஒரே பரீட்சை எழுத வைப்பது. யாருக்கு ரியூசன் என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதால், மேசையும் தாயின் கண்டிப்பும் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடும்.

2018இல் வெளிவந்த ஒரு சோதனை மன்செஸ்டர், லீட்ஸ் பகுதிகளில் 105 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்தது. பல்கலைக்கழக மாணவர்கள், மூன்று பிள்ளைகளுக்கு ஒருவராக, பன்னிரண்டு மணிநேரம் கணிதம் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பாடசாலைப் பிள்ளைகளைவிட மூன்று மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டு மணிநேரம்தான்! அதற்கு இரண்டு வருடம் முன்பு, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த ஆசிரியர்கள் இணையம் வழியாக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கொருவராகக் கணிதம் படிப்பித்த திட்டத்தையும் அதே முறையில் சோதித்தார்கள். அதில் முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டுமே ரியூசன்; ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. குலுக்கிப் பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டும் அழகான நோட்டீஸ் ஆகியிருக்கும்.

மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அயலில் உள்ள இளம்பெண்களைக் கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு அதை அளந்து 2007இல் வெளியிட்டது. பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், அதிலும் மிகவும் பின்தங்கியவர்கள் கூடுதலாக. ஆனால் திட்டம் நின்று ஒரு வருடத்தில் அந்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோனது. 96 குலுக்கல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்றும் ரியூசன் சராசரியில் நன்றாகவே பயன் தருகிறது என்றது. கூடவே நாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொன்னது: பாடசாலை நேரத்துக்குள் நடப்பவற்றைவிடப் பாடசாலை விட்ட பிறகு நடப்பவற்றின் பயன் குறைவு.

இங்கிலாந்தின் கல்விக் கொடை நிதியம் தொகுத்த சான்றும் அதே திசையில்தான் போகிறது. அரைமணி நேரம், வாரத்தில் மூன்று முதல் ஐந்து தடவை, பத்து வாரம் வரை என்றால் தனி ரியூசன் சிறப்பாகப் பலிக்கும். குழுவில் ஆறேழு பேரைத் தாண்டினால் பயன் மங்கத் தொடங்கும். இப்போது எங்கள் சனிக்கிழமையைப் பாருங்கள். கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. மூன்று மணிநேரம் ஒரே இருப்பு. பதினைந்து பிள்ளைகள், அதில் எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கலந்து. போட்டோகொப்பி எடுத்த பயிற்சித் தாள். செய்து முடித்தவருக்கு இன்னொரு தாள். பாடசாலையில் இந்தக் கிழமை என்ன பாடம் நடந்தது என்று மாஸ்டருக்குத் தெரியாது, பாடசாலை ஆசிரியருக்கு மாஸ்டர் ஒருவர் இருப்பதே தெரியாது. சான்று புகழும் ரியூசனும் நாங்கள் காசு கட்டும் ரியூசனும் பெயரில்தான் ஒன்று.

பெரிய காசும் இதற்குப் பரிகாரம் இல்லை. கொரோனாவுக்குப் பின் அரசு 2020 நவம்பர் தொடக்கம் 2024 ஆகஸ்ட் வரை தேசிய ரியூசன் திட்டத்தை நடத்தியது. செலவு ஏறத்தாழ நூறு கோடி பவுண். முதல் ஆண்டு மதிப்பீட்டில் பாடசாலை அளவில் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்று தெரியவில்லை. அடுத்த ஆண்டில், பாடசாலைகள் தாங்களே ஒழுங்குபடுத்திய வகுப்புகளில் கணிதத்தில் ஒரு சிறு உயர்வு தெரிந்தது. குறைந்தபட்சம் அந்தக் காசுக்கு ஒரு கணக்கு எழுதப்பட்டது. எங்கள் காசுக்கு அதுவும் இல்லை.

'எல்லாரும் விடுகினம், நாங்கள் விடாட்டி பிள்ளைதான் நட்டப்படும்' என்பது கடைசிக் கோட்டை. அதில் உண்மை இருக்கிறது, அந்த உண்மையே எங்களுக்கு எதிரானது. நியூஹாமில் கிராமர் பாடசாலை இல்லை. அடுத்த ரெட்பிரிட்ஜில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றும் உண்டு. அந்த இரண்டிலும் உள்ள இடங்கள் ரியூசனால் கூடப்போவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் அவற்றின் நுழைவுப் பரீட்சையான இலவன் பிளஸ்ஸுக்கு இரண்டு வருடம் ஓடினாலும் கிடைப்பது அதே கதிரைகள். ஜி.சி.எஸ்.இ.யிலும் வழமையாகக் கிரேட் எல்லைகளை வைக்கும்போது, அந்த ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு வயதில் எந்நிலையில் நின்றார்கள் என்று பார்த்து, நாட்டளவில் கிரேட்டுகளின் வீதம் ஆண்டுக்காண்டு தாவாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே ஒரு ஆண்டுப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்களா என்று அறிய, 2017 முதல் பதினோராம் வகுப்பில் ஒரு பகுதியினருக்கு 'நாஷனல் ரெபரன்ஸ் டெஸ்ட்' என்ற தனிப் பரீட்சை வைக்க வேண்டியிருக்கிறது. ஆக, ரியூசனால் ஒரு பிள்ளை முந்தலாம். எல்லோரும் போனால் செலவுதான் கூடும், வரிசை அப்படியே இருக்கும்.

பிள்ளைகளை வைத்துப் பரிசோதனையா என்று கேட்பார்கள். இப்போது நடப்பதும் பரிசோதனைதான், முடிவை எழுதாத பரிசோதனை. குலுக்கலுக்காக ஒரு பிள்ளையின் படிப்பையும் பறிக்க வேண்டியதில்லை. இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை என்று நோட்டீசே சொல்கிறது. செப்டம்பரில் நாற்பது பேர் கேட்டு இருபது இடம் இருந்தால், சீட்டுக் குலுக்கி இருபது பேரைச் சேருங்கள். மற்ற இருபது பேருக்கு ஜனவரியில் இடம் கொடுங்கள். செப்டம்பரில் நாற்பது பேருக்கும் ஒரு பரீட்சை, டிசம்பரில் நாற்பது பேருக்கும் அதே கடினத்தில் இன்னொரு பரீட்சை. திருத்துபவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியக்கூடாது. இடையில் நின்றவர்களும் சேர்ந்த பக்கத்துக் கணக்கிலேயே இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சீட்டுக் குலுக்கிய சமூகத்துக்கு இது கடினமான வேலை அல்ல.

ஒரு நிலையம் தனியே செய்தால் போதாது என்பதும் உண்மை. பிள்ளைகளின் புள்ளிகள் சராசரியிலிருந்து பதினைந்து புள்ளி அளவில் விலகி நிற்பவை என்றால், இருபதுக்கு இருபது ஒப்பீட்டில் ஐந்து புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும். பத்து நிலையங்கள் சேர்ந்து இருநூறுக்கு இருநூறு பார்த்தால் அந்தத் தற்செயல் ஒன்றரைப் புள்ளிக்கு இறங்கும். விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஒன்றுகூடும் பழைய மாணவர் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஒரு தவணை இதற்கு ஒன்றுகூடலாம்.

'புள்ளி மட்டுமா? பிள்ளை சனிக்கிழமை றோட்டில் திரியாமல் ஓர் இடத்தில் இருக்கிறதே' என்று சொல்பவருடன் எனக்குச் சண்டை இல்லை. பாதுகாப்பான இடமும், தமிழ் பேசும் ஓர் ஆசிரியரும், நல்ல சிநேகிதரும் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவைதான். அப்படியானால் நோட்டீசில் அதைப் போடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு விலை, கிரேட்டை உயர்த்துவதற்கு இன்னொரு விலை. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்குக் காசு வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

இந்த செப்டம்பரில் பணம் கட்டமுன் நிலையத்தாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற வருடம் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர்? சேரும்போது ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அதே நிலையில் நின்று உங்களிடம் வராத பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள்? முதல் கேள்விக்கே பதில் இல்லாத நிலையத்துக்கு, நோட்டீசில் எத்தனை ஒன்பது இருந்தாலும், காசு கட்டாதீர்கள்.